ருசி உண்டு, ருசு உண்டா? நெல்லைச் சீமையில் கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது

திருநெல்வேலிக்காரரிடம் தண்ணீர் பற்றிப் பேச்சு கொடுத்தால் லேசில் விடமாட்டார். அல்வாவின் ருசி கோதுமையிலா நெய்யிலா என்று கேட்டாலும் ‘ஆத்துத் தண்ணியிலவே’ என்பதுதான் பதில். வெளியூரில் முதல் டம்ளரை வாயில் வைத்ததுமே முகம் சுளிப்பார். அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும்வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணி, மலையில் எளிதில் கரையாத பழம்பாறைகளின் மேல் இறங்கி வருகிறது. அதனால் மேல் பகுதியில் அதன் தண்ணீரில் உப்பு குறைவு. அதைக் குடித்து வளர்ந்த நாக்கு கொஞ்சம் திமிராகத்தான் இருக்கும்.

ஆனால் நெல்லைச் சீமை முழுவதும் ஆற்றங்கரை இல்லை. நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை என்று தெற்கே போகப்போக வாய்க்கால் பாசனம் மெலிந்து, கிணறும் போரும்தான் கதி என்றாகிவிடும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற ஊர்களிலும், அது வராத நாளைச் சமாளிப்பது வீட்டுக் கிணறுதான். அந்தப் பக்கத்து ஊர்களில் ‘நல்ல தண்ணிக் கிணறு’, ‘உப்புத் தண்ணிக் கிணறு’ என்று இரண்டு சாதி உண்டு. எது எது என்று பிரித்தவர்கள் வேதியியல் படித்தவர்கள் இல்லை. வாயில் விட்டுப் பார்த்தார்கள். பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினையை நான் கேலி செய்யவில்லை. பருப்பு வேகாததற்குக் காரணம் தண்ணீரிலுள்ள கால்சியம்: அது பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து இறுகிக்கொள்கிறது. சோப்பு நுரைக்காததற்கும் அதே கால்சியமும் மக்னீசியமும்தான் காரணம். ஆகவே நம் ஆச்சிமார் உலை வைத்தே கடினத்தன்மையைச் சோதித்திருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தச் சோதனை, தண்ணீர் சமையலுக்கு ஆகுமா என்று சொல்லும். குடித்தால் உடம்புக்கு ஆகுமா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. சாதாரண உப்பு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் சேர்ந்தாலே நாக்கு சொல்லிவிடும். நைட்ரேட், புளோரைடு, மலக்கிருமி மூன்றும் ஆபத்தான அளவில் கலந்திருந்தாலும் அதற்குத் தெரியாது.

திசையன்விளைப் பக்கம் என் மைனி (அண்ணி) வீட்டில் நடந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். வாசலில் ஒரு தம்பி ஆர்.ஓ. மெஷின் விற்க வந்து நின்றார். கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரிலும், தன் கையிலிருந்த மெஷின் தண்ணீரை இன்னொரு டம்ளரிலும் ஊற்றினார். இரண்டிலும் கம்பிகளை முக்கி கரண்ட் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீர் ஒரு நிமிஷத்தில் பழுப்பாகி, கசடு கசடாகத் திரண்டது. மெஷின் தண்ணீர் அப்படியே கண்ணாடியாக நின்றது. “இதத்தான் இத்தன நாளா குடிச்சிக்கிட்டு இருக்கீங்கம்மா” என்றார். மைனிக்குக் குமட்டல் வந்துவிட்டது.

அந்தக் கசடு தண்ணீரிலிருந்து வந்தது இல்லை. கம்பியின் இரும்பு கரைந்து துருவாகத் திரண்டது. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் கம்பி கரையும். உப்பே இல்லாத தண்ணீரில் பாயாது, அதனால் ஒன்றும் நடக்காது. தாமிரபரணித் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு இந்த வித்தையைக் காட்டினாலும் சாக்கடை நிறம் வந்துவிடும்.

அவர் சட்டைப் பையிலிருந்த பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் பொய் சொல்லும் கருவி இல்லை. ஆனால் அதுவும் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து, கரைந்திருக்கும் உப்பின் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். நாக்கு செய்கிற வேலையை எண்ணில் செய்யும் கருவி என்று வைத்துக்கொள்ளலாம். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்றும் தெரியாது. செப்டிக் டேங்க் ஊறலை ஆற்றுத் தண்ணீரோடு கலந்து அதில் மீட்டரை வைத்தாலும் ‘180’ என்று அழகாகக் காட்டும். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. சில நூறு ரூபாய்தான். அதே கிணற்றை மாதாமாதம் பார்த்துவந்தால், எண் திடீரென்று எகிறும்போது ஏதோ புதிதாகக் கலக்கிறது என்று பிடித்துவிடலாம். உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோர ஊர்களில் கோடையில் இறைப்பு அதிகமானால் கடல் உப்பு உள்ளே நகர்கிறதா என்று கவனிக்க அது நல்ல துணை.

சரி, நாக்குக்கும் மீட்டருக்கும் தப்புவது எது?

முதலில் கிருமி. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, இப்போது நடைமுறையில் இருப்பது 2012ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு. அதன்படி 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா ஒன்றுகூடத் தென்படக் கூடாது. ஈ.கோலையில் பெரும்பாலான வகைகள் நம்மைக் கொல்பவை இல்லை. அது மனிதர், கால்நடைகளின் குடலில் வாழ்வது. ஆகவே அது தண்ணீரில் இருந்தால் மலம் அண்மையில் கலந்திருக்கிறது, டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை பரப்பும் கிருமிகளும் அதே வழியில் வரலாம் என்று பொருள். அது திருடனின் காலடித் தடம் மாதிரி. தடத்தைப் பார்த்த பிறகு திருடன் யார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், கதவை அடைக்க வேண்டியதுதான்.

இந்த விஷயத்தில் நம் தெற்குச் சீமையின் மண்ணே ஒரு சிக்கல். பொதுவாக மண் ஒரு நல்ல வடிகட்டி. கழிவுக்குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்ற கணக்கு அந்த நம்பிக்கையில் சொல்லப்பட்டது. ஆனால் தேரி என்கிற செம்மணலில் தண்ணீர் சல்லடையில் விட்டதுபோல இறங்கிவிடும். சுண்ணாம்புப் பாறை உள்ள இடம் இன்னும் மோசம். 2021 வடகிழக்குப் பருவமழையின்போது திசையன்விளை அருகே ஆயன்குளத்தில் ஒரு கிணறு ‘அதிசயக் கிணறு’ என்று பேர் வாங்கியது நினைவிருக்கும். வெள்ளத் தண்ணீர் நாள்கணக்கில் அதற்குள் விழுந்தும் அது நிரம்பவில்லை. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுக் குழு வந்து பார்த்து, நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான பொந்துகள் வழியாகத் தண்ணீர் ஓடிவிடுகிறது என்றது. நிலத்தடி நீரைப் பெருக்க இது வரப்பிரசாதம் என்று எல்லோரும் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் குடிக்கிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. மணலில் ஊறி ஊறி வடிகட்டப்படாமல் தண்ணீர் பொந்துக்குள் ஓடுகிறது என்றால், அதில் விழுந்த அழுக்கும் சேர்ந்தேதான் ஓடும். அந்த நிலத்தில் 50 அடி என்பது வெறும் எண்.

என் மைனி வீட்டிலும் கழிப்பறைக்கு இரட்டைக் குழி தோண்டியபோது, இடம் வசதியாக இருக்கிறதே என்று கிணற்றுக்குப் பின்னாலேயே தோண்டிவிட்டார்கள். தண்ணீர் ருசி மாறவில்லை. மாறாது.

இரண்டாவது நைட்ரேட். யூரியா, தொழுவத்துச் சாணம், மூத்திரம், கழிவுக்குழி எல்லாமே கடைசியில் நைட்ரேட்டாக மாறி மழைத் தண்ணீரோடு கீழே இறங்கும். மண் அதைப் பிடித்துவைக்காது. களக்காடு, ஏர்வாடிப் பக்கம் மாதிரி வாழைக்கு உரம் தாராளமாக விழுகிற நிலத்தில் தோட்டக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது இது. வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. 1945இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹன்டர் காம்லி, உடம்பு நீலம் பாரித்து வந்த பச்சிளங் குழந்தைகளுக்கு என்ன கோளாறு என்று தேடிப்போய், பால் பவுடர் கரைத்த கிணற்றுத் தண்ணீரைக் கண்டுபிடித்தார். நைட்ரேட், நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், குழந்தைக்கு என்று அக்கறையாகத் தண்ணீரைக் கொதிக்க வைப்போம். கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

மூன்றாவது புளோரைடு. பல்லில் பழுப்புக் கோடு விழுவதும், முற்றினால் எலும்பும் மூட்டும் இறுகுவதும் இதனால்தான். இந்தியாவில் இந்த நோய் முதலில் ஆய்வாக எழுதப்பட்டது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களை வைத்து. நம் மாவட்டத்தின் பெரும்பகுதியும் அதுபோன்ற கடினப் பாறை நிலம்தான். நைஸ், சார்னோகைட் பாறைகளில் உள்ள சில கனிமங்களிலிருந்து புளோரைடு மெல்லக் கரைந்து வரும். பாறையோடு நெடுநாள் உறவாடிய ஆழ்ந்த போர் தண்ணீரில் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. வரம்பு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5.

ருசியை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கால்சியம் நிறைந்த கடின நீரில் புளோரைடு அதிகம் சேர முடியாது, இரண்டும் கூடித் திடப்பொருளாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த மென்னீரில்தான் புளோரைடு தங்கும். அதாவது பருப்பு வெண்ணெயாக வேகிற, சோப்பு நுரை தள்ளுகிற, ஊரே குடம் தூக்கிக்கொண்டு வருகிற ‘நல்ல தண்ணி’யில் அது ஒளிந்திருக்கலாம். ஊரார் ஒதுக்கிவைத்த கடுத்த தண்ணீர் அந்த ஒரு விஷயத்தில் யோக்கியமாக இருக்கலாம். கடுத்த தண்ணீர் கிட்னியில் கல் உண்டாக்கும் என்று எல்லோரும் சொல்வதற்கும் உறுதியான சான்று இல்லை. நம் வெயிலுக்குப் போதுமான தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கல்லுக்குப் பெரிய காரணம்.

எங்கே சோதிப்பது என்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் உண்டு. தனியாரும் கட்டணம் கட்டித் தண்ணீர் கொடுக்கலாம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, துளி மருந்து விட்டு நிறம் பார்க்கும் பெட்டியும் கொடுக்க ஏற்பாடு உண்டு. ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்தால் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று சொல்வார்கள். அதில் ஒரு சின்ன குப்பி இருக்கும். அதில் கோடுவரை தண்ணீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கலப்பு இருக்கிற தண்ணீர் கறுத்துவிடும். இந்த முறையை 1982இல் உலகுக்குச் சொன்னவர்கள் இந்தியாவின் பாதுகாப்புத் துறை ஆய்வாளர்கள். கிருமி வளரச் சூடு வேண்டும். நம் ஊரில் அதற்குத் தனிக் கருவி எதற்கு, பரணில் வைத்தாலே போதும். இது ஆய்வகச் சோதனைக்கு மாற்று இல்லை. ஆனால் கறுத்துவிட்டால் அன்றே அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்த அது போதுமான காரணம்.

ஆய்வகத்துக்குக் கொடுக்கும் தண்ணீரைப் பிடிப்பதில்தான் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். உப்புச் சோதனைக்கு இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன் போதும். அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு நிரப்பலாம். கிருமிச் சோதனைக்கு அப்படிச் செய்யக் கூடாது. ஆய்வகமே கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலை அலசவே கூடாது. குளோரினை முறிக்க அதற்குள் மருந்து போட்டிருப்பார்கள், அலசினால் போய்விடும். மூடியின் உட்பக்கத்தில் விரல் பட்டால்கூட, பிறகு வருவது கிணற்றின் கிருமியா நம் கையின் கிருமியா என்று தெரியாது. மோட்டாரை ஐந்து பத்து நிமிஷம் ஓடவிட்டு, கிணற்றிலிருந்து நேராக வரும் குழாயில் பிடிக்க வேண்டும். மாடி டேங்க் குழாயில் பிடித்தால் டேங்கின் பாசியைத்தான் சோதிக்கிறோம். இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்ப்பது உத்தமம். கிணறு சுத்தமாக இருந்து, மூடி உடைந்த டேங்கில் அணில் செத்துக் கிடந்த வீடு எனக்குத் தெரியும். பாட்டிலை ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள், எப்படியும் ஒரு நாளுக்குள், சேர்த்துவிட வேண்டும். உவரியிலிருந்து வருகிறவர்களுக்கு ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீன் பெட்டியில் மட்டும் அப்படியே வைத்துவிடாதீர்கள், ஒரு பாலிதீன் பையில் கட்டி வையுங்கள்.

அறிக்கை கைக்கு வந்தால் பல பொருள்களுக்கு இரண்டு எண் இருக்கும். முதலாவது ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அளவு. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், மொத்த உப்புக்கு 500, 2000. கடினத்தன்மைக்கு 200, 600. குளோரைடுக்கு 250, 1000. நைட்ரேட்டுக்கு 45 என்ற ஒரே எண்தான், அதில் பேரம் இல்லை. ஒரு வீட்டு அறிக்கையில் மொத்த உப்பு 1400, கடினத்தன்மை 520, மற்றதெல்லாம் வரம்புக்குள், ஈ.கோலை இல்லை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாய்க்கு நன்றாக இருக்காது, ஆனால் வேறு வழி இல்லாதபோது குடிக்கலாம். பக்கத்து வீட்டில் மொத்த உப்பு 380, நைட்ரேட் 60, ஈ.கோலை உண்டு. அது தேன் மாதிரி இருக்கும். குடிக்கக் கூடாது.

பரிகாரமும் கோளாறைப் பொறுத்தது. யு.வி. விளக்குள்ள மெஷின் கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது. ஆர்.ஓ. நைட்ரேட்டையும் புளோரைடையும் பெருமளவு குறைக்கும், ஆனால் கணிசமான தண்ணீரைக் கழிவாக வெளியே தள்ளும். அந்தக் கழிவை மறுபடி கிணற்றடியில் விட்டால் உப்பு திரும்பி வந்து சேரும். அறிக்கை இல்லாமல் மெஷின் வாங்குவது காய்ச்சல் என்னவென்று பார்க்காமல் மாத்திரை வாங்குவதுதான். மழைக்காலத்தில் கிணற்றில் கிருமி என்றால் பிளீச்சிங் பவுடரே போதும். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான கணக்கு. மூன்று மீட்டர் (சுமார் பத்தடி) விட்டமுள்ள வட்டக் கிணற்றில் நான்கு மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 28,000 லிட்டர், அதற்கு 70 கிராம் பவுடர். பாக்கெட் பழசாக இருந்தால் வீரியம் செத்திருக்கும். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கிவிட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் தொடக் கூடாது. ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது நல்லது. கிணற்றைச் சுற்றி வீட்டுச் சாக்கடை ஓடினாலோ, கழிவுக்குழி ஊறிக்கொண்டே இருந்தாலோ, இது வாரம் ஒரு முறை செய்கிற சடங்காகிவிடும்.

வெள்ளம் புகுந்த கிணறு தனி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரையைத் தாண்டியபோது சாக்கடைத் தண்ணீர், செப்டிக் டேங்க், கிணறு எல்லாம் ஒன்றாகிப் போனது. அப்படிப்பட்ட கிணற்றில் 70 கிராம் கணக்கு செல்லாது. முழுவதும் இறைத்து, சேறு வாரி, கூடுதல் மருந்து போட்டு, அதையும் இறைத்து வெளியேற்றிவிட்டு, சில நாள் கழித்துக் குளோரின் வாடை போன பிறகு சோதிக்க வேண்டும். மருந்து வாடையோடு எடுத்த தண்ணீரில் கிருமி இல்லை என்று வரும் அறிக்கைக்கு மதிப்பு இல்லை. இன்னொன்று: நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றுக்குள் சேறு வார யாரையும் சட்டென்று இறக்காதீர்கள். உள்ளே விஷ வாயு தங்கும், விளக்கு எரிகிறது என்பதை மட்டும் நம்ப முடியாது.

எப்போதெல்லாம் சோதிப்பது என்றால், நம் மழைக் கணக்குக்கு இரண்டு தடவை. தண்ணீர் மட்டம் கீழே போய் உப்பு செறிந்திருக்கும் வைகாசியில் உப்புகளை. வடகிழக்கு மழை ஓய்ந்த தை மாதத்தில் கிருமியையும் நைட்ரேட்டையும். வீட்டுக்குப் பிள்ளை பெற மகள் வருகிறாள் என்றால் மாதம் பார்க்காமல் உடனே.

மைனி மெஷின் வாங்கவில்லை. முதலில் குப்பிச் சோதனை செய்தாள், கறுத்தது. ஆய்வக அறிக்கையில் மொத்த உப்பு சாதாரணம், புளோரைடு சாதாரணம், ஈ.கோலை உண்டு. அண்ணன் பின்னால் இருந்த குழியை அடைத்துவிட்டு, பள்ளமான கிழக்கு மூலையில், கிணற்றிலிருந்து முடிந்த மட்டும் தள்ளி, புதிதாக வெட்டினான். அவள் மோட்டார் ரூம் சுவரில் பால் கணக்கு எழுதுகிற இடத்துக்குக் கீழே கரிக்கட்டியால் மாதமும் முடிவும் எழுதி வருகிறாள். ‘தை – கருப்பு. மாசி – கருப்பு. பங்குனி – கருப்பு இல்ல.’ பங்குனிக்குப் பிறகும் இரண்டு மாதம் வெந்நீர்தான் குடித்தார்கள், இன்னும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று.